குட்டி யானைக்குப் பெரிய எஞ்சின் பொருத்தலாமா?

செம்பூர், சீத்தா கேம்ப், தாராவி எனத் தமிழர்கள் வாழும் பகுதிகளில், ஒரு சிறு டெம்போவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. நம் ஊரில் 'குட்டி யானை' என்றும் இங்கே 'சோட்டா ஹாத்தி' என்றும் செல்லமாக அழைக்கப்படும் டாடா ஏஸ் வண்டியைத் தெரியாதவர் நம்மில் இல்லை. அந்த வண்டிக்குப் பெரிய எஞ்சின் போடலாமா என்ற கேள்வி சென்ற மாதம் என் வீட்டு வாசலுக்கே வந்தது. நாற்பது ஆண்டுகளை மோட்டார் பட்டறையில் கழித்தவன் என்பதால், அதை ஒரு பாடமாகவே எழுதத் துணிந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் படிக்கலாம். பள்ளியில் அவர்கள் ஆங்கிலத்தில் படிக்கும் இயற்பியல்தான் இது.

வந்த கேள்வி

கேட்டவன் என் மைத்துனர் மகன். வாஷி மொத்தச் சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி வந்து செம்பூர்க் கடைகளுக்குப் போடுகிறான்.

"மாமா, வாஷி பாலம் ஏறுறதுக்குள்ள வண்டி மூச்சு வாங்குது. பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். குர்லாவுல ஒரு பழைய இண்டிகா எஞ்சின் இருக்காம். ஏத்தித் தர ஆளும் இருக்கு. எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் கேக்குறாங்க. போட்டுரலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"பணத்துக்கு என்ன வழி?" என்றேன்.

"உங்க மருமக நகை இருக்கே" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

அவன் கேட்டதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 2005-ல் அறிமுகமான ஏஸ் வண்டியில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின். 1998-ல் வெளிவந்த இண்டிகா காரின் டீசல் எஞ்சினோ 1,405 சி.சி., நான்கு சிலிண்டர், சுமார் 53 குதிரைத்திறன். 702-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள், உறவு புரியும். இண்டிகா எஞ்சினைப் பாதியாக்கி உருவாக்கியதே ஏஸ் எஞ்சின். 'அண்ணன் தம்பிதானே, தம்பி இடத்தில் அண்ணனை உட்கார வைத்தால் என்ன?' என்று பட்டறைக்காரர் சொல்வது இதனால்தான். இண்டிகா உற்பத்தி 2018-ல் நின்றுவிட்டாலும், உடைக்கப்பட்ட கார்களின் எஞ்சினைத் தேடுபவர்கள் சென்னையில் புதுப்பேட்டைக்கும் இங்கே குர்லாவுக்கும் போகிறார்கள்.

திறன் என்பது என்ன?

சேடா நகரில் உள்ள திருச்செம்பூர் முருகன் கோயிலுக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம். 108 படிகள். பாட்டியும் ஏறுகிறார், பேரனும் ஏறுகிறான். இருவருக்கும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டால் இருவரும் செய்யும் வேலை ஒன்றே. பாட்டிக்குப் பத்து நிமிடம் ஆகிறது, பேரனுக்கு இரண்டு நிமிடம் போதும். வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதைத்தான் திறன் என்கிறோம்.

எனவே சிறிய எஞ்சின் என்றால் பாலம் ஏறாது என்று பொருளல்ல. மெதுவாக ஏறும், அவ்வளவே. கியர் என்பது பாட்டி சிறு சிறு அடியாக எடுத்து வைப்பது போன்றது. வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்கிறோம்.

இப்போது கணக்கு. காலி ஏஸ் வண்டியின் எடை ஏறத்தாழ 800 கிலோ, ஏற்ற வேண்டிய பாரம் 750 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையாக 15 மூட்டை. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உராய்வு, காற்றின் தடை, கியரில் வீணாவது எல்லாம் கழித்தால், 16 குதிரைத்திறனில் இந்த வண்டி மணிக்கு 35 கி.மீ. அளவில் ஏற முடியும். நகரத்துக்கு அது போதும்.

"எத்தனை மூட்டை ஏத்துறே?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கி, "முப்பது, மாமா" என்றான்.

ஆக மொத்தம் 2,300 கிலோ. அதே ஏற்றத்தில் வேகம் 25 கி.மீ.க்கும் கீழே வந்துவிடும். எஞ்சின் பற்றவில்லை என்று அவன் நினைத்தான். உண்மையில் மிஞ்சியிருந்தது பாரம்.

எஞ்சினோடு மாற வேண்டியவை

'பாரம் இருக்கட்டும், எஞ்சினை மாற்றினால் இழுக்கும் அல்லவா?' என்று கேட்கலாம். இழுக்கும். ஆனால் எஞ்சின் தனியாக வேலை செய்வதில்லை.

1. பிடிமானம்: இண்டிகாவில் எஞ்சின் முன்பக்கம் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. ஏஸில் இருக்கைக்கு அடியில் நெடுக்காக உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. தாங்கும் கால்கள், ஆயில் சம்ப், புகைக்குழாய் எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டும்.

2. கிளட்சும் கியர்பாக்ஸும்: காரின் கியர்பாக்ஸ் இதற்கு உதவாது. ஏஸின் கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால், அது இரண்டு மடங்குக்கு மேற்பட்ட முறுக்குவிசையைத் தாங்க வேண்டும். முதல் கியரில் அந்த விசை பல மடங்காகப் பெருகிப் பின் அச்சுக்குப் போகும். பல் உடைவது அங்கேதான்.

3. புரொபெல்லர் ஷாஃப்ட்: ஏஸ் எஞ்சின் முழுத்திறன் தருவது நிமிடத்துக்கு 3,200 சுற்றில். இண்டிகா எஞ்சின் 5,000 சுற்று வரை போகும். அவ்வளவு வேகத்துக்குச் சமன் செய்யப்படாத தண்டு அதிரும், நாளடைவில் மூட்டு கழன்றுவிடும்.

4. ரேடியேட்டர்: எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு புகையோடு போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும். திறன் மூன்று மடங்கானால் வெப்பமும் அதற்கேற்பப் பெருகும். அதுவும் ஓட்டுநர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே.

5. முன் அச்சும் ஸ்பிரிங்கும்: நான்கு சிலிண்டர் எஞ்சின் கனமானது. முன்பக்கம் தாழ்ந்தால் ஸ்டியரிங் கனக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும்.

எண்பதாயிரம் என்று சொன்னவர் முதல் இனத்தையும் எஞ்சின் விலையையும் மட்டுமே கணக்கிட்டிருந்தார்.

நிறுத்தும் கணக்கு

இதுவரை சொன்னவை பணத்தோடு போகிறவை. ஆறாவதாக ஒன்று இருக்கிறது, பிரேக். இதைச் சொல்ல என் கதையையே சொல்ல வேண்டும்.

1986-ல் நான் இளம் மெக்கானிக். டீசல் மலிவு என்பதால் பெட்ரோல் வண்டிகளுக்கு டீசல் எஞ்சின் பொருத்துவது அப்போது எங்கும் நடந்த வேலை. ஒரு சிறு பிக்கப் வண்டிக்கு, இருந்ததைவிடப் பெரிய டீசல் எஞ்சினை நானும் இன்னொருவரும் மூன்று நாளில் ஏற்றினோம். வண்டி பறந்தது. உரிமையாளர் எங்களுக்கு இனிப்பு வாங்கித் தந்தார். நன்றாக இழுக்கிறதே என்று பாரத்தையும் கூட்டினார். இரண்டு மாதம் கழித்து, புணேயிலிருந்து திரும்பும்போது கண்டாலா மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிற்று. ஓட்டுநர் சாமர்த்தியமாக மலைப்பக்கம் திருப்பி மோதியதால் எல்லோரும் உயிர் தப்பினார்கள். ஆனால் கிளீனராக இருந்த பதினேழு வயதுப் பையனின் கால் நசுங்கியது. அதன் பிறகு அவன் நேராக நடக்கவில்லை.

எங்களை யாரும் குறை சொல்லவில்லை. நாங்கள் பொருத்திய எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. பிரேக்கை நாங்கள் தொடவே இல்லை என்பதுதான் பழுது.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதே. பாரத்தால் மொத்த எடை ஒன்றரை மடங்காகிறது. பெரிய எஞ்சின் இருக்கும் தைரியத்தில் 40 கி.மீ.யில் போனவன் 60-ல் போகிறான், அதுவும் ஒன்றரை மடங்கு. 1.5-ஐ 1.5-ஆல் இருமுறை பெருக்குங்கள். 3.375 வரும். அதே பிரேக் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை விழுங்க வேண்டும். சூடேறிய பிரேக் லைனிங் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே போகும், வண்டி நிற்காது.

தொழிற்சாலை என்ன செய்தது?

பெரிய எஞ்சின் வேண்டும் என்ற தேவை டாடா நிறுவனத்துக்கும் தெரிந்திருந்தது. 2009-ல் 'சூப்பர் ஏஸ்' என்ற வண்டியை வெளியிட்டார்கள். எஞ்சின் அதே 1,405 சி.சி. வகை, டர்போவுடன் 70 குதிரைத்திறன். பாரம் ஒரு டன். ஆனால் அவர்கள் பழைய ஏஸிலேயே அதை உட்கார வைக்கவில்லை. 12 அங்குலச் சக்கரம் 14 அங்குலமாயிற்று. நான்கு கியர் ஐந்தாயிற்று. வண்டியின் நீளம் அரை மீட்டருக்கு மேல் கூடியது. எஞ்சினை இரட்டித்தபோது வண்டியையே புதிதாகச் செய்தார்கள். வரைபடமும் சோதனைக் களமும் உள்ளவர்களே அப்படிச் செய்தார்கள் என்றால், சுத்தியும் வெல்டிங்கும் மட்டும் உள்ள நாம் யோசிக்க வேண்டாமா?

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட் போன்றவற்றுக்கு விதிப்படி அனுமதி உண்டு. அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். 2019-ல் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரியது இன்ஷூரன்ஸ். மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டை மறுக்கவோ, கொடுத்ததை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கவோ நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும். நகை மட்டுமல்ல, வீடும் போகும்.

நாங்கள் செய்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாக வண்டியைப் பார்த்தோம். ஏர் ஃபில்டர் மண் அடைத்துக் கிடந்தது. கிளட்ச் நழுவியது. பின்பக்கம் ஒரு பிரேக் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருந்தது. இரண்டு டயரில் காற்று குறைவு. இன்ஜெக்டரைச் சோதித்து வாங்கினோம். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. பதினைந்து மூட்டையோடு பாலம் ஏறிப் பார்த்தோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அவனுக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். முப்பது மூட்டைக்கு இப்போது இரண்டு நடை போக வேண்டியிருக்கிறது. டீசலும் நேரமும் கூடுதல். பக்கத்துத் தெருவில் வண்டி வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து சரக்கைப் பிரித்து ஏற்றுகிறான். வருமானம் கொஞ்சம் குறைந்ததாகவே சொல்கிறான். ஒரு டன் வண்டி வாங்கச் சீட்டுக் கட்ட ஆரம்பித்திருக்கிறான். நகை வீட்டிலேயே இருக்கிறது.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, எஞ்சினை மாற்றும் எண்ணம் வந்தால் முதலில் மூட்டைகளை எண்ணுங்கள். அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பற்றவில்லை என்றால் உங்களுக்குத் தேவை பெரிய வண்டி.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: காலி எடை 800 கிலோ உள்ள வண்டி 15 மூட்டையுடன் 40 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே வண்டி 20 மூட்டையுடன் 50 கி.மீ. வேகத்தில் போனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் எத்தனை மடங்காகும்? ஒரு மூட்டை 50 கிலோ. அப்பாவையோ மாமாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள்.

விடை: சுமார் 1.8 மடங்கு.