விற்காத பர்ஸுக்கும் கட்டணமா?

கேள்வி: தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் தோல் பர்ஸ் தைத்து விற்கிறோம். ஓர் ஏல இணையதளத்தில் கணக்கு தொடங்கி, ஏலம் வேண்டாம் என்று 40 பர்ஸ்களை ‘உடனே வாங்கு’ என்ற நிலையான விலையில் போட்டோம். நான்கு மாதத்தில் விற்றது மூன்றுதான். ஆனால் மாதாமாதம் எல்லாப் பர்ஸுக்கும் பணம் பிடித்து, ரூ.5,000-க்கு மேல் போய்விட்டது. விற்காத பொருளுக்குக் கட்டணம் வாங்கலாமா? எங்கே முறையிடுவது?
- வாசகி, தாராவி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணக்கைத் திறந்து, விற்காத பர்ஸ்களின் பட்டியலை நிறுத்துங்கள். அடுத்த மாதப் பிடித்தம் அதோடு நிற்கும். முறையீடு பிறகு.

ஏலத்தளங்கள் பொதுவாக இரண்டு வழியில் பணம் வாங்குகின்றன. பொருளைப் பட்டியலில் காட்ட ஒரு கட்டணம். விற்றால் தொகையில் ஒரு சதவீதம். முதலாவது கடை வாடகை மாதிரி, வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஏலத்தில் விட்ட பொருளுக்கு ஏழு நாள், பத்து நாள் என்று கெடு உண்டு. கெடு முடிந்தால் பட்டியலும் முடிந்தது. நிலையான விலையில்தான் சிக்கல். இபே தளத்தில் 2019 முதல் நிலையான விலைப் பட்டியல்கள், விற்பவர் நிறுத்தும்வரை மாதாமாதம் தானாகவே புதுப்பிக்கப்படுகின்றன. இலவச ஒதுக்கீட்டைத் தாண்டினால், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் கட்டணம் விழும். உங்கள் தளத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. விற்ற மூன்று பர்ஸின் பில்லையும் பாருங்கள். தபால் செலவையும் சேர்த்த மொத்தத்துக்கே சதவீதம் போடும் தளங்கள் உண்டு.

கணக்கு தொடங்கும்போது ‘சம்மதம்’ என்று தட்டியது கையெழுத்துப் போட்டதற்குச் சமம். மின்னணு முறையில் செய்துகொண்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆகவே புதுப்பிப்பும் கட்டணமும் நிபந்தனையில் தெளிவாக இருந்தால், பணம் திரும்பி வருவது கடினம். நிபந்தனையில் இல்லாத கட்டணம், சொல்லாமல் ஏற்றிய விகிதம், நீங்கள் நிறுத்திய பிறகும் பிடித்த தொகை ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றை விடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்வார்கள். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பின்னாளில் திருத்தப்பட்ட வடிவில், சுயதொழிலில் பிழைப்பவர் வாங்கிய பொருளுக்கும் பெற்ற சேவைக்கும் பாதுகாப்பு தந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கமோ பொருளை மட்டும் சொல்லி, சேவையை விட்டுவிட்டது. வீட்டில் தைத்து விற்கும் குடும்பங்களுக்கு இது பெரிய இழப்பு. திருத்தியே ஆக வேண்டிய குறை. நீங்கள் அங்கே போனால் தளத்தின் வக்கீல் எழுப்பும் முதல் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும்.

சிவில் வழக்கு என்றால், எந்த ஊர் நீதிமன்றம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏபிசி லாமினார்ட் வழக்கில் (1989) குஜராத்தின் கைரா நீதிமன்றம் என்று எழுதியிருந்தும், ‘மட்டும்’ போன்ற சொல் இல்லாததால், சேலத்து வியாபாரி சேலத்திலேயே வழக்கு நடத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2013-இல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் எழுதிய ஊருக்கே போக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ரூ.5,000-க்காக வெளியூருக்கு அலைவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

எழுத்தில் கேட்பதுதான் நல்ல வழி. நான்கு மாத பில்களையும், நீங்கள் சம்மதித்த நிபந்தனைகளையும் எடுத்து வையுங்கள். எந்தப் பர்ஸுக்கு, எந்தத் தேதியில், எந்த நிபந்தனையின்படி எவ்வளவு பிடித்தீர்கள் என்று வரிக்கு வரி விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தியத் தளமாக இருந்தால், பில்லில் டிடிஎஸ், டிசிஎஸ் என்று வருவது கட்டணம் அல்ல. அது உங்கள் வரிக் கணக்கில் வரவாகும்.

பதில் வராவிட்டால், மும்பை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், மனுவும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.