வெள்ளம் வடிந்த பின்: கட்டடப் பூசணமும் பணியாளர் பாதுகாப்பும்

வெள்ளம் வடிந்தவுடன் இடர் நீங்கிவிட்டதாகக் கருதுவது இயல்பு. ஆயின், நீர் தேங்கி நின்ற கட்டடங்களைப் பொறுத்தவரை இரண்டாவது இடர் அப்பொழுதுதான் தொடங்குகிறது. 2018 ஆகஸ்டு மாதம் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து லட்சத்திற்கும் அதிகமானோர் நிவாரண முகாம்களில் தங்க நேர்ந்தது. கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த நிலப்பகுதியான குட்டநாட்டில் நீர் வடியப் பல நாட்களாயின. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் மாணவர்களும் தன்னார்வத் தொண்டர்களும் வீடுகளைத் தூய்மை செய்ய முன்வந்தனர். அவர்கள் எதிர்கொண்டவை சேறும் பாம்பும் மட்டுமல்ல. சுவர்களிலும் மரச்சாமான்களிலும் படர்ந்திருந்த பூசணமும் ஆகும்.

பூசணத்தின் இயல்பு

பூசணம் என்பது பூஞ்சைக் காளான் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் ஆகியவை கட்டடங்களில் பெரிதும் காணப்படும் வகைகள். இவற்றின் ஸ்போர்கள் எனப்படும் நுண்வித்துகள் காற்றில் எங்கும் எப்பொழுதும் உள்ளன. மரம், காகிதம், துணி, ஒட்டுப்பலகை, சுவரில் படிந்த தூசி ஆகிய அனைத்தும் இதற்கு உணவாகும். எனவே வித்தையோ உணவையோ முற்றிலும் நீக்குதல் இயலாது. மனிதனால் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றே.

நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் பூசணம் வளரத் தொடங்கக்கூடும். முகாமிலிருந்து ஒரு வாரம் கழித்து வீடு திரும்பும் குடும்பம், ஈரமான வீட்டிற்குள் அன்று, ஏற்கெனவே பூசணம் பிடித்த வீட்டிற்குள்தான் நுழைகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகள் கதவைத் திறக்கும் முன்பே தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

உடல்நலக் கேடுகள்

ஈரமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோருக்கு மூச்சுத்திணறல், இருமல், ஆஸ்த்மா ஆகியவை மிகுதியாக ஏற்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் எடுத்துரைத்தது. பெரும்பாலான நுண்வித்துகள் 2 முதல் 10 மைக்ரான் அளவே உள்ளமையால் மூச்சுடன் எளிதில் உட்செல்கின்றன. இறந்த பூசணமும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே, அதைக் கொல்வது மட்டும் போதாது. அகற்றுவதே நோக்கமாக இருத்தல் வேண்டும்.

தீங்கு அனைவருக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. 2021இல் கோவிட் நோயின் இரண்டாவது அலையின்போது நம் நாட்டில் பரவலாகக் காணப்பட்ட, ‘கருப்புப் பூஞ்சை’ என அழைக்கப்பட்ட நோய், கட்டுப்பாடற்ற நீரிழிவு உடையோரையும் ஸ்டீராய்டு மருந்து பெற்றோரையுமே மிகுதியாகத் தாக்கியது. ஆஸ்த்மா, நீரிழிவு, நுரையீரல் நோய் உடையவர்களையும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரையும், சிறுவரையும் இப்பணியில் ஈடுபடுத்தலாகாது.

வெள்ளத்திற்குப் பின் எலிக்காய்ச்சலைத் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை வழங்கப்படுகிறது. பூசணத்திற்கு அத்தகைய முன்தடுப்பு மாத்திரை எதுவும் இல்லை. கவசமே மருந்து.

பணி தொடங்குமுன்

முதலாவதாக, மின் இணைப்பைப் பிரதான ஸ்விட்சில் துண்டித்து, தகுதியுள்ள மின்பணியாளர் சோதித்த பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும். சுவர், கூரை ஆகியவற்றின் உறுதியையும் பார்த்தல் அவசியம். அடுத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து சிறிது நேரம் காற்றோட்டம் அளிக்க வேண்டும். பூசணம் படர்ந்த அறையில் மின்விசிறியையோ குளிர்சாதனத்தையோ இயக்கினால் நுண்வித்துகள் கட்டடம் முழுவதும் பரவும்.

பணியாளர் ஒவ்வொருவருக்கும் என்-95 தரச் சுவாசக் கவசம், காற்றுத் துளைகள் இல்லாத கண்ணாடி, ரப்பர் கையுறை, முழங்கால் வரையிலான காலணி, முழுக்கை உடை ஆகியவை தேவை. என்-95 கவசம் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். முகத்தில் கட்டும் துண்டுக்கோ சாதாரணத் துணிக்கவசத்திற்கோ இத்திறன் இல்லை. தாடியினாலோ தளர்ந்த பட்டையினாலோ இடைவெளி ஏற்படின் என்-95 கவசமும் பயன் தராது.

செய்முறை

உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் பெருக்குவதே மிகுதியாக நிகழும் தவறு. முதலில் நீரை மெல்லத் தெளித்து ஈரமாக்கி, பின்னர் சோப்பு நீர் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். சிமெண்டுத் தரை, ஓடு, உலோகம், கண்ணாடி போன்ற கெட்டிப் பரப்புகளுக்கு இம்முறை போதுமானது. பஞ்சு மெத்தை, ஒட்டுப்பலகை, உட்கூரை அட்டை ஆகியவற்றில் பூசணம் உட்புகுந்துவிடுவதால் அவற்றைக் கெட்டியான பாலிதீன் உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துவதே முறை.

பாதிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 10 சதுர அடிக்கு மேற்படின் பயிற்சி பெற்ற பணியாளரைக் கொண்டு, வாயிலைப் பாலிதீன் திரையால் மூடி, அப்பகுதியைத் தனிமைப்படுத்திப் பணியாற்றுதல் நலம்.

பிளீச்சிங் பவுடர் அனைத்தையும் தீர்க்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. அழுக்கும் சேறும் படிந்த பரப்பில் அதன் ஆற்றல் வீணாகும். எனவே கழுவிய பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும். அதனுடன் அமிலம் கலந்த கழிவறைத் திரவம் சேருமாயின் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா கலந்த பொருள்களுடனும் ஒருபோதும் சேர்க்கலாகாது.

வீட்டில் நனைந்த தானியத்தை உலர்த்தி உண்பதும் ஆபத்தானது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு, அஃப்ளடாக்சின் நஞ்சினால் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வறுமையே அத்தானியத்தை உண்ணச் செய்தது. நிவாரண உணவு உரிய நேரத்தில் சென்று சேர்வதும் இவ்வகையில் பூசணத் தடுப்பின் ஒரு பகுதியே.

உலர்த்துதல்

தூய்மைப்படுத்திய சுவருக்கு உடனே வண்ணம் பூசுவது செலவை இரட்டிப்பாக்கும். செங்கல்லும் செம்புரைக்கல்லும் உறிஞ்சிய நீர் வெளியேற வாரங்கள் ஆகும். எளிய சோதனை ஒன்று உண்டு: ஓரடிச் சதுரமுள்ள பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்தால், உட்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புமாயின் சுவர் இன்னும் உலரவில்லை எனக் கொள்ளலாம். கூரைக் கசிவு, குழாய்க் கசிவு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் செய்யப்படும் எந்தச் சுத்திகரிப்பும் அடுத்த மழை வரை மட்டுமே நிற்கும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

பள்ளி, ஆரம்பச் சுகாதார நிலையம், பதிவறை முதலிய பொதுக் கட்டடங்களைத் தூய்மை செய்வோரில் பெரும்பாலோர் நாட்கூலிப் பணியாளர். கட்டடம் விரைவில் திறக்கப்பட வேண்டும் என்னும் அவசரத்தின் சுமை அவர்கள் மீதே விழுகிறது. சீரமைப்பு மதிப்பீட்டில் சுண்ணாம்பு, வண்ணம், கூலி ஆகியவை இடம்பெறுவது போலவே சுவாசக் கவசம், கையுறை, உலர்த்தும் காலம் ஆகியவையும் தனி இனங்களாக இடம்பெற வேண்டும். மதிப்பீட்டில் இல்லாத பொருள் பணியிடத்திற்கு வந்து சேராது. மழைக்காலத்திற்கு முன்பே வட்டார அளவில் கவசங்களை இருப்பில் வைத்தலும், தொண்டர் குழுக்களுக்கு அரை நாள் பயிற்சி அளித்தலும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

பணிக்குப் பின் இருமலோ மூச்சுத்திணறலோ நீடிப்போரை மருத்துவரிடம் அனுப்பும் பொறுப்பு பணியை மேற்பார்வையிடும் அலுவலரையே சாரும். பிறர் வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக்கித் தருவோர் தம் உடல்நலத்தை அதற்கு விலையாகக் கொடுக்க நேரிடாதவாறு காப்பது மறுவாழ்வுப் பணியின் இன்றியமையாத கூறாகும்.