ஒரு மேசை, நான்கு பக்கம்

நான் தில்லிக்குப் படிக்க வந்த முதலாண்டில், இங்கேயே பணியாற்றும் என் சிற்றப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். தலையில் அடி. உயிர் பிழைத்தது, இடக்கை பழையபடி எழவில்லை. கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் எங்களை ஏறிட்டுப் பார்ப்பதையும் அவர் மறந்திருந்தார். நண்பர்களே, பொறியியல் மாணவனாகிய எனக்கு அன்று எழுந்த கேள்வி இது: மூளையிற் காயமுற்றோருக்குக் கருவி செய்வோர் கையை மட்டும் எண்ணினால் போதுமா?

கையை எண்ணிய முயற்சி இங்கே நன்றாகவே நடந்திருக்கிறது. தில்லி ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸும் சேர்ந்து, பக்கவாதத்தால் தளர்ந்த மணிக்கட்டையும் விரல்களையும் இயக்கும் கருவியொன்றை ஆக்கின. தசையில் எழும் மெல்லிய மின்துடிப்பை அறிந்தே அது அசையும், நோயாளியும் முயலவேண்டும். 2021இல் வெளிவந்த ஆய்வில் 4 வாரங்களில் 20 அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். எனினும் கருவி ஒன்று, ஆள் ஒருவர்.

ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில், ஜோனதன் டக்வொர்த் என்பவரும் அவர் தோழர்களும் வேறு வழி சென்றனர். படுக்க வைத்த திரையே மேசை. அதன்மேல் கைக்கடக்கமான பொருள்களை நகர்த்தினால் ஒளியும் ஒலியும் எழும். 'எலிமெண்ட்ஸ்' என்ற முதற்கருவி ஒருவருக்கானது; 2015இல் அவர்கள் விவரித்த 'ரெசொனன்ஸ்' பலர் சுற்றி அமர்ந்து ஆடுவது.

நம் கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர்த்திரையைப் பார்ப்பவன் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பலகையைச் சுற்றி அமர்ந்தவன் பாராமல் ஆட முடியாது. தன் முறைக்குக் காத்திருத்தல், எதிராளி என்ன எண்ணுகிறான் என்று ஊகித்தல், இவற்றையுந்தான் மூளைக்காயம் பறித்துவிடுகிறது.

அதற்காகக் கேரத்தை அப்படியே மின்மேசையாக்கிவிட முடியாது. மூளையின் வலப்பாதி பழுதுற்றோர் சிலர் தம் இடப்பக்கத்தையே கவனிப்பதில்லை. தட்டின் இடப்பாதிச் சோற்றை அப்படியே விட்டு எழுவோரும் உண்டு. அத்தகையவருக்குத் தோழர் இடப்பக்கம் அமர்வது நல்லது. காய்கள் சிறிது சிறிதாக அப்பக்கம் நகரவேண்டும். ஒளி மிகுந்தால் மனம் சிதறும். வெற்றி தோல்வியை எண்ணிக் காட்டினால், மெதுவாக ஆடுபவர் மறுநாள் வரமாட்டார். இருவர் பொருள்களும் நெருங்கினால்தான் இசை எழும் என்று அமைத்தால், விரைவாக ஆடுபவர் தாமே காத்திருப்பார்.

இன்னொன்று. நம் மருத்துவமனைகளில் நோயாளியுடன் வந்த வீட்டார் சுவரோரம் நிற்கிறார்கள். மேசையின் நான்காம் பக்கத்தை அவர்களுக்கு வைத்துவிடுவேன். சித்தி ஒருநாள் பழைய பலகையை எடுத்துப் போட்டு, சிற்றப்பாவின் இடப்பக்கம் அமர்ந்து காயைச் சுண்டினார். அந்த ஒலிக்குத்தான் அவர் தலை முதன்முதலாக அப்பக்கம் திரும்பிற்று.