குளிர்நீரில் மூழ்குவோர்க்கு இரட்டைச் சுவாசக் கருவி

நீரினடியில் சுவாசிப்பதற்குரிய தானியங்கி ரெகுலேட்டரைப் பிரான்ஸ் நாட்டில் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர் 1943-இல் உருவாக்கினர். சிலிண்டரில் சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டுள்ள காற்றை இக்காலக் கருவி இரு கட்டங்களில் தணித்து, சுவாசத்திற்கு ஏற்றதாக்குகிறது.

அழுத்தம் தணிந்து விரிவடையும் காற்று குளிர்ச்சியடைகிறது. வெப்பக் கடல்களில் சுற்றியுள்ள நீர் இவ்விழப்பை ஈடுசெய்துவிடும். அண்டார்க்டிகாவின் மக்மர்டோ கடற்பகுதியிலோ நீரின் வெப்பநிலை சுமார் -1.8 டிகிரி சென்டிகிரேடு. அங்குக் கருவியில் பனி உறைந்து, வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளக்கூடும். அப்போது காற்று இடைவிடாது பீறிட்டுச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தலைக்குமேல் பனித்தளம் இருப்பதால் நேரே மேலெழவும் இயலாது.

எனவே இரண்டு கருவிகள் வேண்டும். ஒரே முதற்கட்டத்துடன் இரு வாய்க்கருவிகளை இணைத்தல் போதாது. அஃது உறைந்தால் இரண்டும் பயனற்றுப் போகும். 'ஒய்' அல்லது 'எச்' எழுத்தின் வடிவிலுள்ள கிளை வால்வில், ஒவ்வொரு கிளைக்கும் தனித் திருகும் தனி ரெகுலேட்டரும் உண்டு. பழுதுற்றதை மூடிவிட்டு, மற்றதில் சுவாசித்தவாறு பனித்துவாரத்திற்குத் திரும்பலாம். ஆயினும் சிலிண்டர் ஒன்றே என்பது இதன் குறை. இரு சிலிண்டர்களை இணைத்து, இடையே தடுப்பு வால்வு அமைத்தால், ஒருபுறம் கசிந்தாலும் மறுபுறக் காற்று எஞ்சும்.

சிலிண்டரில் ஈரமற்ற காற்றையே நிரப்புதல் வேண்டும். நீரில் அமிழ்வதற்கு முன் கருவியில் சுவாசித்தலாகாது. மூச்சின் ஈரமே உறையும். தடித்த கையுறையுடன் திருகுகளை எட்டி மூடும் பயிற்சியைப் பனிக்கடியில் இறங்குமுன்பே பெறுதல் இன்றியமையாதது.