பூஸ்ட்டை அப்புறம் ஏத்திக்கலாம், தம்பி

டர்போ பெட்ரோல் கார் வாங்கின கையோட நீ கேட்ட முதல் கேள்வி, "அக்கா, ரீமேப் பண்ணா எவ்வளவு பவர் ஏறும்?" அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்கிறேன். மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு, சி.டி.எச். ரோடு சிக்னல்ல நிக்கிறப்ப, உன் இன்ஜின் எத்தனை டிகிரி சூட்டுல காத்தை உள்ளே இழுக்குது? அது தெரியாதுன்னா பவர் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

டர்போவோட வேலையே வெளியே போற புகையோட வேகத்தை வச்சு உள்ளே வர்ற காத்தை அமுக்குறதுதான். காத்தை அமுக்கினா சூடாகும். அந்தச் சூட்டைக் குறைக்க இன்டர்கூலர் இருக்கு. ஆனா வண்டி நகர்ந்தாத்தானே அதுமேல காத்து படும்? மேனாம்பேட்டுலேர்ந்து அம்பத்தூர் எஸ்டேட் போறதுக்குள்ளே அதுவும் சூடேறிப் போயிடும். சூடான காத்து உள்ளே போனா பெட்ரோல் நேரம் கெட்ட நேரத்துல தானா வெடிக்கும். அதுக்குத்தான் நாக்கிங்னு பேரு. அதைக் கேட்ட உடனே இன்ஜினோட கம்ப்யூட்டரான ஈசியூ, பிளக் பொறி விடுற நேரத்தைத் தள்ளிப் போட்டு இன்ஜினைக் காப்பாத்தும். அப்ப பவர் இறங்கும். ஐரோப்பாக் குளிர்ல 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதின ரீமேப் ஃபைலை அப்படியே இங்கே ஏத்தினா ஏன் ஏமாத்தும்னு இப்ப புரியுதா?

ஆவடி பக்கத்துலதானே இருக்கு. அங்கே இன்ஜின் ஃபேக்டரியில டி-90 டாங்குக்குச் செய்ற டீசல் இன்ஜினும் டர்போதான். 12 சிலிண்டர், கிட்டத்தட்ட 39 லிட்டர், 1000 குதிரைத் திறன். லிட்டருக்கு 26 கூட வராது. 2019இல் வந்த வென்யூவோட 1 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், மூணே சிலிண்டர்ல 120 பி.எஸ். தருது. டீசலையும் பெட்ரோலையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் உன் பானெட்டுக்குள்ளே இருக்கிற குட்டி இன்ஜின் ஏற்கெனவே எவ்வளவு பிழியப்படுதுன்னு தெரிஞ்சுக்க இந்தக் கணக்கு போதும்.

முதல் வேலை, வண்டி நல்லா இருக்கான்னு பார்க்கிறது. பிளக்கைக் கழட்டிப் பார்த்து, கேப் கம்பெனி சொன்ன அளவுல இருக்கான்னு அள. பூஸ்ட் ஏத்துற காலத்துல இந்தக் கேப்பை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். டர்போலேர்ந்து இன்டர்கூலர், அங்கேர்ந்து மேனிஃபோல்டு வரைக்கும் போற ஹோஸ் எல்லாத்துலயும் கசிவு பார்க்கணும்: லேசா பிரஷர் கொடுத்து, மூட்டுல சோப்புத் தண்ணி தடவினா குமிழி காட்டிக் கொடுத்துடும். கம்ப்ரஷன் டெஸ்ட்டை ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கூட இருந்து பண்ணு. ஓட்டை இருக்கிற வண்டியை ட்யூன் பண்றது வீண் வேலை.

அடுத்தது லாகிங். இதைத்தான் நிறைய நாள் பண்ணச் சொல்வேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி போர்ட்டுல ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, போன்ல ஆப் போட்டா போதும். ஆர்பிஎம், மேனிஃபோல்டு பிரஷர், உள்ளே வர்ற காத்தோட சூடு, இக்னிஷன் டைமிங், ஃப்யூல் ட்ரிம் எல்லாத்தையும் பதிவு பண்ணு. ஒரே ரோடு, ஒரே கியர், காலையில அஞ்சரைக்கு ஒண்ணு, மதியம் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா டைமிங் எங்கே பின்வாங்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். ஓட்டுறவன் போனைப் பார்க்கக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கத்தான் அது பதிவாகுது.

ஒரு சின்னப் பொறி இதுல இருக்கு. போன் 180 கிலோபாஸ்கல்னு காட்டினா அது மொத்த அழுத்தம். நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட 100ஐக் கழிச்சா மிச்சம் 80, அதாவது 0.8 பார். அதுதான் பூஸ்ட். ஈசியூ பெட்ரோல் அளவைத் தானா கூட்டிக் குறைக்கிற லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் பத்து சதவீதத்துக்கு மேல ஏறியோ இறங்கியோ நின்னா, மேப்பைத் தொடாதே, மறுபடி கசிவைத் தேடு.

பெட்ரோல் விஷயம். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7க்கு 1னு காத்துக் கணக்கைப் புஸ்தகத்துல படிச்சிருப்பே. இப்ப பங்க்ல வர்ற எத்தனால் கலந்த இ20ல அது 13.5 பக்கம் இறங்கிடும். அதனால லாம்டாவுல யோசிக்கப் பழகு: எந்தப் பெட்ரோலா இருந்தாலும் சரியான கலவைக்கு லாம்டா 1. முழு ஆக்ஸிலரேட்டர்ல டர்போ இன்ஜினுக்கு 0.80லேர்ந்து 0.85க்குள்ளே வச்சா பத்திரமான ஆரம்பம். இதை அளக்க வைட்பேண்ட் சென்சார் வேணும். பழைய நேரோபேண்ட், கலவை கெட்டியா நீர்த்ததான்னு மட்டும்தான் சொல்லும். 100 ஆக்டேனுக்கு ட்யூன் பண்ணிட்டு, திருவள்ளூர் போற வழியில சாதா பெட்ரோல் போட்டா நாக்கிங் ஆரம்பிச்சிடும். தினமும் எதைப் போடுவியோ அதுக்கு ட்யூன் பண்ணு.

சொந்தக் கார்ல கை வைக்கப் பயமா இருந்தா, அந்தப் பயம் நல்லது. புதுப்பேட்டையில ஒரு பழைய மாருதி 800 இன்ஜின் தேடு, 796 சிசி. ஸ்பீடுயினோங்கிற ஓப்பன் சோர்ஸ் ஈசியூ போர்டை வச்சு அதை ஸ்டாண்டுல ஓட விட்டு, ஃப்யூல் டேபிள் எழுதிப் பழகலாம். டர்போ இல்லாத இன்ஜின் தப்பை மன்னிக்கும்.

கம்பெனி ஈசியூவைத் தொடுற நாள் வரும்போது, ஒரிஜினல் ஃபைலை ரெண்டு இடத்துல காப்பி எடு. ஃபைல் ஏத்துறப்ப பேட்டரியில சார்ஜர் மாட்டியே இருக்கணும்; பாதியில வோல்டேஜ் விழுந்தா ஈசியூ செத்துப் போகலாம். முதல்ல ஃப்யூல், அப்புறம் பூஸ்ட், கடைசியாத்தான் டைமிங். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், டைமிங்னா ஒரே டிகிரி. டார்க் ஏறுறது நின்னா நீயும் நிறுத்து. டாப் கியர்ல 1500 ஆர்பிஎம்ல போயிட்டே ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கிற பழக்கத்தையும் விடு. டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போல பிஸ்டனை உடைக்கிற காரணங்கள்ல அது ஒண்ணு.

சட்டத்தையும் சொல்லிடறேன். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்துறதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். வாரன்டியையும் மறந்துடலாம். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மறைச்சா, க்ளெய்ம் அன்னைக்குத்தான் வலிக்கும்.

முழு ஆக்ஸிலரேட்டர் சோதனைக்கு, வண்டியை நிக்க வச்சே பவரை அளக்கிற டைனோ இருக்கு. பைபாஸ் அதுக்கு இல்லை. ராத்திரி அங்கே ஓடுறது முழுக்க கன்டெய்னர் லாரிடா. ஓட்டித்தான் பார்க்கணும்னா பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட டிராக் 1990லேர்ந்து இருக்கு, ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர். டிராக் டே எப்பன்னு கேட்டுட்டு, ஹெல்மெட்டோட போ. ஓட்டி முடிச்ச உடனே ஆஃப் பண்ணாதே. ஒரு சுத்து மெதுவா வந்து, ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடு. கொதிக்கிற டர்போவுக்குள்ளே ஆயில் ஓட்டம் நின்னா அது கரியா ஒட்டி பேரிங்கைத் தின்னுடும்.