லால்பாக் பாறைக்கு வா

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கயல்,

நீ விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டாய் என்று உன் அம்மா போனில் அழுதாள். "சாமி இல்லைன்னு தெளிவாயிருச்சு பெரியப்பா, ஆனா காலையில எழுந்திருக்கவே பிடிக்கல" என்று நீ அனுப்பியதையும் படித்தேன். முதல் பாதி பற்றி எனக்குக் கவலை இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து எனக்கும் அதே முடிவுதான். இரண்டாம் பாதிதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

அந்த வயதில் நானும் இப்படித்தான் சுருண்டு கிடந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் பசவனகுடி நேஷனல் காலேஜுக்கு இழுத்துப் போனார். அங்கே புதன்கிழமைதோறும் பெங்களூரு சயின்ஸ் ஃபோரம் நடத்தும் பேச்சு. பாதி புரியாது. ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் மனசு முழுக்கக் கேள்வியாக இருக்கும். 1962-ல் அதைத் தொடங்கியவர் எச். நரசிம்மய்யா. கௌரிபிதனூர்ப் பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளை. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனவர், அமெரிக்காவில் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். துணைவேந்தராக இருந்தபோது, 1976-ல், அற்புதங்களைச் சோதிக்கக் குழு அமைத்தார். ஊர் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கோ, கல்யாணம் செய்துகொள்ளாமல், கதரும் குல்லாயுமாக, கல்லூரி விடுதியின் ஓர் அறையில் 2005 வரை பிள்ளைகள் நடுவிலேயே அவர் வாழ்ந்ததுதான் பெரிது. அந்த வாழ்க்கையில் வெறுமைக்கு எங்கே இடம், சொல்லு.

நீ ஒன்றை மறுத்ததோடு நின்றுவிட்டாய் கண்ணு. அதற்கப்புறம் எதையும் கேட்கத் தொடங்கவில்லை. காலை கனப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

லால்பாக்கில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறையில் சின்ன வயதில் நீ சறுக்கி விளையாடியிருக்கிறாய். அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு. மரமும் இல்லை, மீனும் இல்லை, புழுகூட இல்லாத காலம் அது. வெளுப்பும் கறுப்புமாக அதில் நெளிந்து ஓடும் வரிகளைக் கிட்டே போய்ப் பார். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, அழுந்தி, வளைந்த தடம் அது. மேலே கிடந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்து போன பிறகுதான் இந்தக் கல் வெளிச்சத்தைப் பார்த்தது. 1975-ல் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். நாற்பது வருஷமாகப் போகிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வரி புதிதாகக் கண்ணில் படுகிறது.

இன்னொன்று. அம்மாவோடு வாதாடாதே. கார்த்திகைக்கு அகலில் எண்ணெய் ஊற்றச் சொன்னால் ஊற்று. அவள் கேட்பது உன் நம்பிக்கையை அல்ல, பக்கத்தில் நீ நிற்பதை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு லால்பாக் மெட்ரோவில் இறங்கு, வாசலில் நிற்கிறேன். பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு. ராத்திரிக் குளிர் கல்லில் இன்னும் இருக்கும்.

உன்
பெரியப்பா