குருதியோட்டத்தைக் காட்டும் ஒலிப்பட்டை

மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டில் விரல்களை வைத்து நாடி பார்க்கின்றார். இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கின்றது, துடிப்பு ஒழுங்காக உள்ளதா என்பவற்றை அவ்விரல்கள் உணர்த்தும். ஆனால் குழாயினுள் குருதி எவ்வளவு விரைவாகச் செல்கின்றது என்பதை எத்துணைத் தேர்ந்த விரலும் அறியாது. குருதி இதயத்தினின்று புறப்பட்டு, உடலெங்கும் சுற்றி, மீண்டும் இதயத்தையே அடைகின்றது என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். எனினும், தோலைக் கீறாமல் ஒரு தனிக்குழாயில் ஓடும் குருதியின் வேகத்தை அளக்கும் வழி, அதன்பின் முந்நூறு ஆண்டுகள் கழிந்தே பிறந்தது. அவ்வழியைக் காட்டியது ஒலி.

புகைவண்டி கூவிக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உச்சமாகக் கேட்கின்றது. நம்மைக் கடந்து அகலும்போது சட்டெனத் தாழ்கின்றது. இதற்குக் காரணமான விதியை, பிராகு நகரில் ஆசிரியராக இருந்த கிறிஸ்டியன் டாப்ளர் 1842ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவர் எண்ணியது விண்மீன்களின் நிறத்தைப் பற்றி. ஒலியைப் பற்றிய சோதனை பிறகு நடந்தது. 1845இல் பைஸ் பாலட் என்னும் டச்சு நாட்டு அறிஞர், எக்காளம் ஊதுவோரை ஓடும் புகைவண்டியில் ஏற்றினார். பாதையோரத்தில் இசைப்பயிற்சி மிக்க செவியினரை நிறுத்தினார். வண்டி வருகையில் சுரம் ஏறியும், செல்கையில் இறங்கியும் கேட்டதென அவர்கள் கூறினர். அளவைக் கருவியாக மனிதச் செவியையே கொண்ட இச்சோதனை இன்றும் நினைக்கத்தக்கது.

குருதியிலும் இவ்விதியே செயற்படுகின்றது. இங்கு ஊதுவது நம் செவிக்கு எட்டாத மீயொலி. குவார்ட்ஸ் முதலிய சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்பதை ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் உடன்பிறந்தார் 1880இல் கண்டனர். அதே படிகத்திற்கு மாறும் மின்னழுத்தம் ஊட்டினால் அது அதிர்ந்து ஒலியை எழுப்பும். ஆகவே, ஒரே படிகம் வாயாகவும் செவியாகவும் பயன்படுகின்றது. இத்தகைய ஒலியை உடலுட் செலுத்தி, ஓடும் குருதியிலிருந்து திரும்பும் எதிரொலியை ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஜப்பானின் ஒசாகா நகரத்து அறிஞர் ஷிகெயோ சதோமுரா. அவருடைய ஆராய்ச்சிகள் 1950களில் நிகழ்ந்தன.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம. உடற்தசையில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்கின்றது. வினாடிக்கு 50 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியைச் செலுத்துகின்றோம். குருதி வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகின்றது; ஒலிக்கற்றைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள கோணம் 60 பாகை எனக் கொள்வோம். திரும்பும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 1,600 அளவு மாறியிருக்கும். இவ்வேறுபாடு மட்டும் மனிதர் கேட்கும் எல்லைக்குள் அமைவது நமது நற்பேறே. அதனை ஒலிபெருக்கியில் விடுத்தால், குருதியின் ஓட்டம் இதயத்துடிப்பு தோறும் எழுந்து அடங்கும் இரைச்சலாகக் காதிற் கேட்கும்.

இனி இடர் எங்கே என்பதைக் காண்போம். இன்றும் பெரும்பாலும் மருத்துவப் பணியாளர் ஒருவரே இக்கருவியின் முனையைக் கையிற் பிடித்து, பசைநீர் தடவி, சரியான கோணத்தில் அழுத்திக்கொண்டிருக்க வேண்டியுள்ளது. சில நிமிடங்களுக்கு இது தகும். நாள் முழுதும் எவரால் இயலும்? மூளையின் மேற்பரப்பிலுள்ள குருதிக்குழாய் வெடித்துக் கசிந்த நோயாளி ஒருவரை எண்ணுங்கள். அவர் பிழைத்துக்கொண்டாலும் அபாயம் நீங்குவதில்லை. ஏறத்தாழ 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மூளைக் குழாய்கள் சுருங்கக்கூடும். குறுகிய மதகில் நீர் விரைவதுபோலச் சுருங்கிய குழாயில் குருதி விரைகின்றது. மண்டையோட்டின் பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் வழியே ஒலியைச் செலுத்தி இவ்வேகத்தை அளக்கலாம் என்பதை ரூனே ஆஸ்லிட்டும் அவர்தம் துணைவரும் 1982இல் காட்டினர். ஆயினும், காலையில் ஒருமுறை அளந்து மறுநாள் மீண்டும் அளந்தால், இடையிலுள்ள இரவில் குழாய் சுருங்கியதை யார் அறிவார்? அந்த இரவில் நோயாளி பேச்சையோ கைகால்களின் இயக்கத்தையோ இழக்கக்கூடும்.

ஆகவே, கையால் பிடிக்க வேண்டாத, உடலில் ஒட்டிக்கொள்ளும் கருவி வேண்டும். மணிக்கட்டில் அணியும் கடிகாரங்கள் சில ஒளியால் நாடியை அறிகின்றனவே, அவை போதாவோ எனலாம். அவ்வொளி தோலின்கீழ்ச் சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும். கழுத்தின் பெருங்குழாயையும் இதயத்தையும் எட்ட ஒலியே துணை.

ஒட்டுங்கருவியை வகுப்போர் முதலில் எதிர்ப்படும் பகைவன் காற்று. தோலுக்கும் படிகத்திற்கும் இடையே மயிரிழையளவு காற்று புகுந்தாலும், ஒலி ஏறத்தாழ முழுவதும் அங்கேயே மீண்டுவிடும். பசைநீரோ சிறிது நேரத்தில் உலர்ந்துபோகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஷுவான்ஹே ஜாவோவின் குழுவினர், நீர் நிறைந்த ஒரு கூழ்ப்பொருளை மெல்லிய மீள்சவ்வுகளுக்கு இடையே அடைத்து உலராமற் காத்தனர். 2022இல் அவர்கள் அறிவித்த பட்டை தோலில் 48 மணி நேரம் ஒட்டியிருந்து உள்ளுறுப்புகளைக் காட்டியது.

இரண்டாம் இடர் கோணம். இதுவே மிகவும் வஞ்சகமானது. மேற்கண்ட கணக்கில் கோணம் 60 பாகையிலிருந்து 65 ஆகிவிட்டதென்று கொள்க. குருதியின் வேகம் சிறிதும் மாறாதிருக்க, கருவியோ வேகம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்ததாகக் காட்டும். கோணம் 90 பாகையாயின் ஒன்றையுமே காட்டாது. கையாற் பிடிப்பவர் முனையைச் சிறிது சாய்த்துத் திருத்திக்கொள்வார். பட்டைக்குக் கை ஏது? ஆதலின் ஒன்றுக்கு மாறாகப் பல நுண்படிகங்களை வரிசையாக அடுக்குகின்றனர். ஒவ்வொன்றையும் மிகச் சிறிய கால இடைவெளிவிட்டு ஒலிக்கச் செய்தால், பட்டை அசையாமலே ஒலிக்கற்றை விரும்பிய பக்கம் திரும்பும். இரு திசைகளிலிருந்து அளந்து ஒப்பிட்டால் கோணத்தையும் கணக்கிட்டு அறியலாம்.

ஆனால் கழுத்து வளைந்தது. தலையைத் திருப்பினால் தோல் நீளும். வளையும் பட்டையில் படிகங்களின் இடம் மாற, கால இடைவெளிக் கணக்கும் பிழைபடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் ஷெங் ஷூவின் குழுவினர் இவ்வழியே துணிந்து சென்றனர். கடினமான படிகங்களைச் சிறு தீவுகளாக அமைத்து, நெளிந்த மெல்லிய உலோகக் கம்பிகளால் அவற்றை இணைத்து, இரப்பர் போன்ற மென்பொருளில் பதித்தனர். அவர்கள் 2018இல் வெளியிட்ட பட்டை 240 மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது; 60 விழுக்காடு வரை நீளக்கூடியது. 2021இல் கற்றையைத் திருப்பும் பட்டையொன்றைச் செய்து, தோலின்கீழ் 14 சென்டிமீட்டர் ஆழம் வரை குருதியோட்டக் குறிகளைப் பெற்றனர்.

மற்றொன்றும் உண்டு. சிவப்பணு ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒலியலையின் நீளத்தினும் பன்மடங்கு சிறிது. அதனால் அதிலிருந்து வரும் எதிரொலி மிக மெலிந்தது. குழாய்ச் சுவரின் எதிரொலியோ மிக வலியது. அணிந்தவர் நடந்தால் சுவரும் அசைந்து குருதியின் குரலை அமுக்கிவிடும். இதனைப் பிரித்தறியக் கணிப்பொறியின் துணை வேண்டும். ஷூ குழுவினர் 2023இல் அறிவித்த கம்பியில்லாக் கருவி, அணிந்தவர் அசையும்போதும் கழுத்துக் குழாயைத் தானே தேடித் தொடர்ந்தது. 12 மணி நேரம் வரை இயங்கியது.

2024இல் அவர்கள் மூளைக்கும் ஒரு பட்டை செய்தனர். அஞ்சல் தலையளவான அது பொட்டில் ஒட்டி, மூளைக் குழாய்களின் ஓட்டத்தை உடல்நலமுடையோரிடம் காட்டியது. அக்கருவிக்கு மின்கம்பி இணைப்பு வேண்டியிருந்தது. சிலருக்கு, குறிப்பாக முதியோர் சிலருக்கு, பொட்டெலும்பு தடித்திருப்பதால் ஒலி உட்புகுவது அரிது. அதிர்வெண்ணைக் குறைத்தால் ஒலி எலும்பை ஓரளவு ஊடுருவும். ஆனால் நுண்குழாய்கள் தெளிவாகத் தோன்றா. இவ்விரண்டுக்கும் இடையில் எதனை விடுப்பது, எதனைக் கொள்வது என்பதைக் கருவி செய்வோர் ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டியுள்ளது.